வெறும் தொப்பை அல்ல!

1809-ஆம் ஆண்டு, டிசம்பர் மாதம். அமெரிக்காவில் கென்டக்கி என்னும் மாநிலம். கடுங்குளிர்க் காலம்.

அங்கே ஒரு சிற்றூரில் ஜேன் கிராபோர்டு என்ற பெண் இருந்தார். வயது 45-ஐத் தாண்டிவிட்டது. பிள்ளைகளைப் பெற்றவர். அவருடைய வயிறு நாளுக்கு நாள் பெருத்தது.

"கர்ப்பம்" என்றார்கள். மாதங்கள் கடந்தன. பிள்ளை பிறக்கவில்லை. "இரட்டைக் குழந்தை. நாள் தள்ளிப் போகிறது" என்றார்கள்.

கடைசியில், டான்வில் என்ற ஊரிலிருந்து எப்ரைம் மெக்டவல் என்ற டாக்டரை வரவழைத்தார்கள். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நன்றாகச் சோதித்தார். பிள்ளையும் இல்லை, இரட்டையும் இல்லை. சினைப்பையில் பெரிய கட்டி!

வயிற்றைத் திறந்து அப்படி ஒரு கட்டியை எடுக்க அந்நாளில் டாக்டர்கள் துணியவில்லை. பிழைப்பது கடினம் என்பதை டாக்டர் மறைக்கவில்லை. தம் ஊருக்கு வந்தால் முயன்று பார்ப்பதாகச் சொன்னார்.

அறுபது மைல் தூரம். ஜேன் குதிரை மேல் ஏறினார். கனத்த வயிற்றைச் சேணத்தின் மீது தாங்கிக்கொண்டு, அந்தக் குளிரில் பல நாள் பயணம் செய்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. விழித்த கண்ணோடு மேசையில் படுத்தார். ஏறக்குறைய 25 நிமிடத்தில் கட்டி வெளியே வந்தது. அதன் எடை 22½ ராத்தல். இன்றைய கணக்கில் 10 கிலோ!

ஐந்தாம் நாள் டாக்டர் போய்ப் பார்த்தார். ஜேன் எழுந்து நின்று, தம் படுக்கையைத் தாமே சரிசெய்து கொண்டிருந்தார். அதன் பிறகு 32 ஆண்டுகள் வாழ்ந்து, 78-வது வயதில் இறந்தார். அந்தக் கட்டி, பரவிக் கொல்லும் புற்று அல்ல என்பதற்கு அந்த 32 ஆண்டுகளே சாட்சி.

இது நடந்து 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. மயக்க மருந்து வந்தது. ஸ்கேன் வந்தது. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. பெண்ணின் வயிறு பெருத்தால், பார்ப்பவர்கள் தாங்களாகவே ஒரு காரணம் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அன்று "கர்ப்பம்" என்றார்கள். இன்று "தொப்பை" என்கிறார்கள்.

ஒரு வீட்டுக் காட்சி

நம் ஊரில் எந்தத் தெருவிலும் காணக்கூடிய வீடு அது. வீட்டுத் தாய்க்கு 52 வயது. கொஞ்சம் கனத்த உடம்பு. இரண்டு மாதமாக வயிறு உப்புகிறது. ரவிக்கை பழைய அளவுதான். ஆனால் புடவைக் கொசுவம் மட்டும் குறைந்துகொண்டே போகிறது.

"என்னங்க, இரண்டு கவளம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்து விடுகிறது. ஒரு மாதிரியாக இருக்கிறது."

"உட்கார்ந்தே இருந்தால் தொப்பை போடத்தானே செய்யும்!" என்று சிரிக்கிறார் கணவர்.

"வாயுவாக இருக்கும், அம்மா. ஓமத் தண்ணீர் குடி" என்கிறாள் மகள்.

"தீட்டு நின்றால் உடம்பு அப்படித்தான் போடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்கிறார் மாமியார்.

மருந்துக் கடைக்காரர் வாயு மாத்திரை கொடுக்கிறார்.

இவர்களில் யாரும் கெட்டவர்கள் அல்ல. அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். வயிற்று உப்புசம் உள்ளவர்களில் மிகப் பலருக்கு அது வாயுதான். ஆனால் சிலருக்கு அது வாயு அல்ல. அந்தச் சிலர் யார் என்று பார்க்காமலே தெரிந்துகொள்ள வழி இல்லை.

ஒளிந்திருக்கும் உறுப்பு

கருப்பையின் இரு புறமும் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வாதாம் பருப்பு அளவுதான். மாதந்தோறும் கருமுட்டையைத் தருவது இதுதான். பெண்மைக்குரிய சுரப்புகளைத் தருவதும் இதுதான்.

இந்தச் சிறிய உறுப்பில் புற்று வந்தால் வெளியே தெரியாது. மார்பில் கட்டி வந்தால் கைக்குத் தட்டுப்படும். கருப்பை வாயில் புற்று வந்தால் டாக்டர் கண்ணால் பார்த்துச் சோதிக்க முடியும். சினைப்பையோ இடுப்பு எலும்புக் கூட்டுக்குள் ஆழமாக ஒளிந்திருக்கிறது. அங்கே கட்டி வளர நிறைய இடம் இருக்கிறது. அது குடலைத் தள்ளும். சிறுநீர்ப் பையை அழுத்தும். ஆனால் வலியைத் தாமதமாகத்தான் காட்டும்.

உலகம் முழுவதும் 2022-ஆம் ஆண்டில் சுமார் 3 லட்சத்து 24 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது. அதே ஆண்டில் சுமார் 2 லட்சத்து 7 ஆயிரம் பெண்கள் இந்த நோயால் இறந்தார்கள். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகம், கருப்பை வாய் இரண்டுக்கும் அடுத்த இடம் இதற்குத்தான்.

இவ்வளவு பேர் இறப்பதற்குக் காரணம், நோய் முற்றிய பிறகு வருவதுதான். சினைப்பைக்குள்ளேயே நோய் இருக்கும்போது கண்டுபிடித்தால், பத்துப் பெண்களில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். உடம்பின் தூர இடங்களுக்குப் பரவிய பிறகு வந்தால், பத்தில் மூன்று பேர்தான். இது அமெரிக்காவின் கணக்கு. வைத்திய வசதி நிறைந்த நாட்டிலேயே இந்த நிலை!

கொழுப்பு சும்மா இருப்பதில்லை

உடல் பருமனுக்கும் இந்த நோய்க்கும் என்ன சம்பந்தம்?

உடம்பில் சேரும் கொழுப்பை, மூட்டையில் கட்டி வைத்த அரிசி போலப் பலர் நினைக்கிறார்கள். அது அப்படிச் சும்மா கிடப்பதில்லை; வேலை செய்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு சினைப்பை தன் வேலையை நிறுத்திவிடுகிறது. ஆனால் கொழுப்புத் திசு, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் சுரப்பைத் தொடர்ந்து உண்டாக்குகிறது. கொழுப்பு அதிகமானால் அந்தச் சுரப்பும் அதிகமாகிறது. அதோடு ரத்தத்தில் இன்சுலின் கூடுகிறது. உடம்புக்குள் ஓயாத ஓர் அழற்சி நீறுபூத்த நெருப்பாக இருந்துகொண்டே இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து, உயிரணுக்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருக இடம் கொடுக்கின்றன என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

2012-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெரிய கணக்கை வெளியிட்டார்கள். 14 நாடுகளில் நடந்த 47 ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்தார்கள். சினைப்பைப் புற்று வந்த 25,157 பெண்களின் விவரங்களை, நோய் இல்லாத 81,311 பெண்களின் விவரங்களோடு ஒப்பிட்டார்கள். எடை கூடக் கூட நோயும் கூடுவது தெரிந்தது. மாதவிலக்கு நின்ற பின் சுரப்பு மாத்திரை சாப்பிடாத பெண்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது.

2016-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் தன் முடிவைச் சொன்னது. உடல் பருமனோடு தொடர்பு உள்ளவை என்று 13 வகைப் புற்றுநோய்களைப் பட்டியல் போட்டது. அதில் சினைப்பைப் புற்றும் ஒன்று.

மிரள வேண்டாம்

இதைப் படித்ததும் கனத்த உடம்புக்காரர்கள் மிரண்டுவிட வேண்டாம். உண்மையை உள்ளபடி சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

ஐந்தடிக்குச் சற்றுக் கூடுதலான, 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் எடை 12 கிலோ கூடினால், இந்த நோய் வரும் வாய்ப்பு பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. மேலை நாடுகளில் 1,000 பெண்களில் 11 அல்லது 12 பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. அந்தக் கணக்குப்படி, 12 கிலோ கூடிய 1,000 பெண்களில் 12 அல்லது 13 பேருக்கு வரும். மற்ற 980-க்கு மேற்பட்டவர்களுக்கு வராது.

ஆகவே, பருமன் இருந்தால் புற்று வந்தே தீரும் என்பது பொய். ஒல்லியாக இருந்தால் வராது என்பதும் பொய். நோய் வந்த பெண்ணைப் பார்த்து, "தின்று கொழுத்தாய், வந்துவிட்டது" என்று சொல்வது பொய் மட்டுமல்ல, பாவம்.

தாய்க்கோ, உடன்பிறந்தாளுக்கோ இந்த நோயோ மார்பகப் புற்றோ வந்திருந்தால், அந்த வீட்டுப் பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பரம்பரையாக வரும் சில கோளாறுகள், பருமனைவிடப் பல மடங்கு ஆபத்தைத் தருகின்றன. அவை தாய் வழியிலும் வரும். தந்தை வழியிலும் வரும். மறுபுறம், பிள்ளை பெறுவதும் தாய்ப்பால் கொடுப்பதும் இந்த ஆபத்தைக் குறைக்கின்றன.

திரை போட்டு மறைக்கிறது

அப்படியானால் பருமனைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும்? இன்னொரு காரணம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

ஊளைச் சதை, நோய் வர இடம் கொடுப்பதோடு நிற்பதில்லை. வந்த நோயைத் திரை போட்டு மறைக்கவும் செய்கிறது.

ஒல்லியான பெண்ணின் வயிறு பெருத்தால் ஊரே பார்க்கும். "என்ன உடம்புக்கு?" என்று கேட்கும். கனத்த பெண்ணின் வயிறு பெருத்தால், யார் கண்ணிலும் படாது. பட்டாலும் கேலிதான் மிஞ்சும். டாக்டர் கையை வைத்துப் பார்த்தாலும், கனத்த கொழுப்புக்கு அடியில் இருக்கும் கட்டி எளிதில் தட்டுப்படாது. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனிலும் படம் மங்கலாகத் தெரியும். உள் வழியாக எடுக்கும் ஸ்கேனில்தான் சினைப்பை நன்றாகத் தெரியும். அதைச் சொன்னால் நம் பெண்கள் வெட்கப்பட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பேச்சு இருக்கிறது. "முதலில் எடையைக் குறைத்துவிட்டு வா, அம்மா. எல்லாம் சரியாகிவிடும்." மூட்டு வலி என்றாலும் இதே பேச்சு. மூச்சு வாங்கினாலும் இதே பேச்சு. வயிறு உப்பினாலும் இதே பேச்சு. எடையைக் குறைக்கச் சொல்வது நல்ல புத்திமதிதான். ஆனால் சோதித்துப் பார்த்த பிறகு சொல்ல வேண்டிய புத்திமதி அது. சோதிப்பதற்குப் பதிலாகச் சொல்வது அல்ல. இரண்டு முறை இந்தப் பேச்சைக் கேட்ட பெண், மூன்றாம் முறை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டாள்.

வைத்தியத்திலும் இந்தக் குறை இருந்தது. உடம்பின் அளவுக்கு ஏற்றபடி புற்றுநோய் மருந்து கொடுக்க வேண்டும். கனத்தவர்களுக்கு அவ்வளவு மருந்து தாங்காது என்று பயந்து, பல இடங்களில் குறைத்துக் கொடுத்தார்கள். குறைத்தால் பலனும் குறையும். உண்மையான எடைக்கு ஏற்ற முழு மருந்தையே கொடுக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டில் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் எழுதி வைத்தது.

நான்கு கேள்விகள்

ஆண்டுக்கு ஒரு முறை எல்லாப் பெண்களுக்கும் ரத்தமும் ஸ்கேனும் பார்த்தால் என்ன?

இங்கிலாந்தில் அதையும் செய்து பார்த்தார்கள். 2001 முதல் 2005 வரை, மாதவிலக்கு நின்ற இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் சோதனை நடத்தினார்கள். 2021-ஆம் ஆண்டில் முடிவு வந்தது. அந்தச் சோதனையால் சாவு குறையவில்லை! நோயின் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனை பயன் தரவில்லை.

ஆகவே, உடம்பு சொல்லும் அறிகுறியைக் கேட்பதுதான் இன்று கையில் இருக்கும் வழி. அந்த அறிகுறிகள் நான்கு.

வயிறு உப்புகிறதா? அல்லது பெருத்துக்கொண்டே போகிறதா?

அடிவயிற்றிலோ இடுப்புப் பகுதியிலோ வலி இருக்கிறதா?

கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்து விடுகிறதா?

அடிக்கடி, அவசரமாகச் சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறதா?

இவை எல்லாப் பெண்களுக்கும் எப்போதாவது வருவதுதான். பண்டிகைப் பலகாரம் சாப்பிட்டு வயிறு உப்பினால் மறுநாள் சரியாகிவிடும். அதற்காகப் பயப்படத் தேவை இல்லை. புதிதாக வந்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் தொடர்ந்து வாட்டினால்தான் கவனிக்க வேண்டும். அப்போது ஓமத் தண்ணீரை ஒதுக்கிவிட்டு, பெண் டாக்டரைப் பார்க்க வேண்டும். வயிறு பெருக்கிறது, ஆனால் கையும் முகமும் மெலிகின்றன என்றால், அது தொப்பை அல்ல. ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

கருப்பைப் புற்றுக்கும் பருமன் பெரிய காரணம். மிகக் கூடுதலான பருமன் உள்ளவர்களுக்கு அது ஏழு மடங்கு வரை அதிகமாக வருகிறது. ஆனால் அது பெரும்பாலும் முன்கூட்டியே எச்சரிக்கும். மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும், அதுதான் எச்சரிக்கை மணி.

யார் குற்றம்?

தமிழ்நாட்டின் நிலை என்ன?

2015-16-ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 31 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையோடு இருந்தார்கள். 2019-21-ல் அது 40 ஆகிவிட்டது. அந்த ஆண்டுகளில் இந்தியா முழுவதற்கும் இந்தக் கணக்கு 24. ஐந்தாறு ஆண்டுகளில் ஒன்பது பேர் கூடியிருக்கிறார்கள்!

ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தது. கிணறு போய்க் குழாய் வந்தது. அது நல்லதுதான். பெண்களின் முதுகு உடைந்தது போதும். ஆனால் அந்த உழைப்புக்குப் பதிலாக நடக்க ஓர் இடம் உண்டா? வாகனங்கள் ஏறி நிற்கும் தெருவில், நாய் துரத்தும் சந்தில், விளக்கு இல்லாத பூங்காவில் ஒரு தாய் எங்கே நடப்பாள்? காலையில் அடுப்பு, மாலையிலும் அடுப்பு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிஞ்சிய சோற்றை வீணாக்கக் கூடாது என்று இரவு 10 மணிக்கு அவள்தான் சாப்பிடுகிறாள். பருப்பும் காயும் மற்றவர்கள் தட்டில் போய்விட்டன. பானையில் இருப்பது வெள்ளைச் சோறுதான். அதைச் சாப்பிட்டு உடம்பு போட்டால், குற்றம் அவளுடையது மட்டுமா?

பருமனைப் பற்றிப் பேசும் வீடு, முதலில் அந்தத் தட்டைப் பார்க்க வேண்டும். அவளும் மற்றவர்களோடு உட்கார்ந்து, நேரத்தோடு சாப்பிட வேண்டும். சோறு குறைந்து, கீரையும் காயும் பருப்பும் கூட வேண்டும். தினமும் அரை மணி நேரம் அவள் வெளியே நடந்து வர, வீட்டு வேலையை மற்றவர்கள் பங்கு போட வேண்டும்.

எடை எவ்வளவு இருக்கலாம்? 155 சென்டிமீட்டர் உயரத்துக்கு 55 கிலோ வரை சரி. 60 கிலோவைத் தொட்டால் பருமன் என்பது இந்தியர்களுக்கான அளவு. தையல்காரர் நாடாவால் இடுப்பைச் சுற்றி அளந்தால், 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை அளந்து எழுதி வைத்தால், எடை கூடாமல் வயிறு மட்டும் பெருப்பதும் அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

வீட்டு வாசலிலேயே கேட்கலாம்

அரசாங்கத்துக்கும் இதில் கடமை உண்டு. 2021 ஆகஸ்டு மாதம் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரை நோயையும் கவனிக்க, பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். அவர்கள் இந்த நான்கு கேள்விகளையும் 40 வயதைத் தாண்டிய பெண்களிடம் கேட்கலாமே! அதற்குப் புது மருந்து வேண்டாம். புது இயந்திரம் வேண்டாம். இரண்டு நிமிடம் போதும். "ஆம்" என்று சொல்லும் பெண்ணுக்கு, தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்குள் ஸ்கேன் எடுக்க ஏற்பாடு வேண்டும். எடை எவ்வளவு என்று பார்த்து, அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது.

புற்றுநோய் வைத்தியத்தில் தமிழ்நாடு பிற்பட்ட நாடு அல்ல. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சென்னை அடையாற்றில் 1954-ஆம் ஆண்டிலேயே புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்க வழி செய்தார். இன்று ஆஸ்பத்திரியும் உண்டு, வைத்தியமும் உண்டு. நோயாளிகள்தான் தாமதமாக வருகிறார்கள்.

ஜேன் கிராபோர்டு 60 மைல் குதிரையில் போனார். அந்தத் துணிச்சலை எல்லோரும் புகழ்கிறார்கள். ஆனால் அவரைக் காப்பாற்றிய முதல் காரியம், அதற்கு முன்பே நடந்துவிட்டது. ஊரே "கர்ப்பம்" என்று சொன்னபோது, ஒரு மனிதர் அதை நம்பாமல் கையை வைத்துச் சோதித்துப் பார்த்தார்.

நம் வீட்டுத் தாய் குதிரை ஏற வேண்டியது இல்லை. பஸ் ஏறினால் போதும். "வயிறு ஒரு மாதிரியாக இருக்கிறது" என்று அவள் சொல்லும்போது, சிரிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, டாக்டரிடம் போய் வரலாம்" என்று சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும்.